ப்ரியாவுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

இது நடந்த கதை. கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஜெயராஜ் என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். மெயின்டனன்ஸ் பிரிவு. எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பயந்த ஆள் இல்லை. பேய் என்று நான் வாயைத் திறந்தாலே, "போ லா, உனக்கு வேற வேல இல்ல" என்று கேலி செய்தவன். அப்படிப்பட்டவன் சொன்னதால்தான் நான் நம்பினேன். சொல்லும்போது அவன் கையிலிருந்த தே தாரேக் டீ ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நட்டமில்லை. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் முழுதும் படித்துவிட்டுப் போங்கள்.

ஜெயராஜுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சின்ன வயதில் பார்த்த டிவி நிகழ்ச்சிகள். அவன் வளர்ந்தது கம்போங் மேடானில், தகரக் கூரை போட்ட வரிசை வீட்டில். அவர்கள் வீட்டில் டிவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு 'கிளிக்கூண்டு' வரும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே மற்றப் பிள்ளைகளோடு முண்டியடித்து நின்று, கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்ப்பான். சாரதா அக்கா என்று ஒருத்தி அதை நடத்துவாள். பெரிய பொட்டு, காதில் ஜிமிக்கி. அவள் கையில் சிங்காரி என்ற பச்சைக் கிளிப் பொம்மை. சிங்காரி பேசாது. அக்காவின் காதில் ஏதோ குசுகுசுக்கும். அக்கா சிரித்துக்கொண்டே அதை நமக்குச் சொல்லுவாள்.

நிகழ்ச்சியின் கடைசியில் பிறந்தநாள் வாழ்த்து. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. பெற்றோர் ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளையின் படத்தைத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். வீட்டில் பரிசை எங்கே ஒளித்து வைக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை படம் திரையில் வரும். அக்கா பெயர் சொல்லி வாழ்த்துவாள். சிங்காரி குசுகுசுக்கும். "உன் பரிசு கட்டிலுக்கு அடியில இருக்காம்" என்பாள் அக்கா. பிள்ளை விழுந்தடித்துக்கொண்டு ஓடும். டிவிக்குள் இருக்கிற கிளிக்கு நம் வீட்டுக் கட்டில் எப்படித் தெரியும் என்று வீதியே வாய் பிளக்கும்.

ஜெயராஜின் பெயரை அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை. அப்பா லோரி எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. அம்மாவுக்கு எழுத வராது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏமாந்திருக்கிறான். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குறை ஆறவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பழைய வீடியோ டேப்புகளை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃபேஸ்புக்கில் போடுவது அவனுடைய பொழுதுபோக்கு. 'கிளிக்கூண்டு' பாட்டைப் போட்டால் போதும். பாட்டி தாத்தா ஆகப் போகிற வயதில் உள்ளவர்கள் எல்லாம் வந்து கண்ணீர் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் கார்த்திகேசு. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், அப்பா காலத்தில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த குடும்பம். தன் கூடப்பிறந்த அக்காவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி டேப் கிடைத்தது, குப்பையில் போட மனசு வரவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெயராஜ் அன்று மாலையே போய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்தப் பெட்டியில்தான் அது இருந்தது.

ஒரு டேப்பில் முழு நிகழ்ச்சி. கடைசியில் வாழ்த்து. முதலில் ஒரு பையன். பிறகு சிவப்பு ரிப்பன் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை. "இன்னிக்கு ஏழு வயசு ஆகுற நம்ம ப்ரியாக்குட்டிக்கு..." என்றாள் சாரதா அக்கா.

ஜெயராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் மகள் விஷ்ணுப்ரியா. வீட்டில் ப்ரியா. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு வயது.

டேப் முழுக்கக் கோடு கோடாக ஓடியது. நிறம் வழிந்தது. அந்தப் பிள்ளை வந்த இடத்தில் மட்டும் படம் கண்ணாடி போல இருந்தது. ஒரு கோடு இல்லை. நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டான். அந்தப் பிள்ளையின் படத்தின் மேல் தன் மகள் படத்தை ஒட்டினான். குரல் அப்படியே. பெயர் அப்படியே. பரிசு அலமாரிக்கு மேல் இருப்பதாக அக்கா சொன்னாள். அவர்கள் வீட்டிலும் அலமாரி இருக்கிறது. தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கப் போகிறது என்று பூரித்துப்போனான்.

மனைவி உஷாராணியிடம் காட்டினான். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வேற பிள்ளைக்குச் சொன்ன வாழ்த்து. அந்தப் பிள்ள முகத்த மறைச்சிட்டு நம்ம பிள்ளைய வைக்கிறீங்க. எதுக்குங்க இது?"

"அந்தப் பிள்ளைக்கு இப்ப நாப்பது வயசு ஆயிருக்கும் லா. அது வந்து கேட்கப் போகுதா?"

உஷாராணி எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அவன் எத்தனை தடவை சொன்னான் தெரியுமா...

மறுநாள் வேலை முடிந்து வந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். மகளுடைய படத்தில் காதோரம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தான். ரிப்பன். அடியில் உள்ள பிள்ளையின் ரிப்பன் எட்டிப் பார்க்கிறது என்று நினைத்தான். மகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களை மூடினான். சேமித்தான். சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தான். இப்போது இரண்டு பக்கமும் ரிப்பன் இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை. மகளுடைய தலையில் கட்டியிருந்தது.

விஷ்ணுப்ரியாவுக்குக் கிராப்பு வெட்டிய தலை. ரிப்பன் கட்டுவதற்கு அதில் முடியே கிடையாது.

கம்ப்யூட்டர் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் உஷாராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். அவனுக்கு அந்த வாழ்த்து வேண்டும். ஆசை யாரை விட்டது...

சனிக்கிழமை காலையில் படுக்கையறையில் ஏதோ இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தான். ப்ரியா அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். குதிகாலைத் தூக்கி அலமாரியின் உச்சியைத் தடவினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீடியோவையும் காட்டவில்லை. பரிசைக்கூட அவன் இன்னும் அங்கே வைக்கவில்லை, காரின் டிக்கியில் இருந்தது.

"என்னம்மா தேடுற?"

"என் பேர் உள்ள பொண்ணு சொன்னா. அவளும் இங்கதான் தேடுனாளாம். ஒண்ணுமே இல்லையாம்."

"எந்தப் பொண்ணு?"

ப்ரியா இறங்கி வந்தாள். தலையில் கை வைத்து, ரிப்பன் கட்டி விடுங்க அப்பா என்றாள்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் அந்த வீடியோவைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். அவனுக்கும் அப்படித் தோன்றியதாம். ஆனால் ஸ்கூலில் அதே பெயரில் வேறு பிள்ளை இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று. சாயங்காலம் பரிசை எடுத்து வந்து அலமாரிக்கு மேல் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் குடியிருக்கும் தாமானில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தை ஒட்டி, லோங்காங் என்று எல்லோரும் சொல்லும் பெரிய கால்வாய். சாதாரண நாளில் முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும். அன்று விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. முன் அறையில் இருந்தவர்களுக்கே அதன் இரைச்சல் கேட்டது.

ஐந்து மணி வாக்கில் மழை விட்டது. உஷாராணியின் தங்கை குடும்பம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். ஜெயராஜ் எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்தான். ப்ரியா நடுவில். பழைய வழக்கப்படி சரியாக ஐந்தரைக்குப் போட்டான்.

பாட்டு வந்தது. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். ப்ரியாவும் பாடினாள்.

ஒரு வரி தப்பாமல் பாடினாள். அவன் டேப் ஓட்டும்போதெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொள்வான்; அவள் அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டதில்லை.

"இன்னிக்கு ஏழு வயசு ஆகுற நம்ம ப்ரியாக்குட்டிக்கு..." என்றாள் சாரதா அக்கா. திரையில் மகளின் படம். எல்லோரும் கை தட்டினார்கள். சிங்காரி அக்காவின் காதுப் பக்கம் போனது. குசுகுசுத்தது.

"உன் பரிசு அலமாரிக்கு மேல இருக்காம்."

அதோடு வீடியோ முடிய வேண்டும். அங்கேதான் அவன் வெட்டியிருந்தான்.

முடியவில்லை.

சிங்காரி மறுபடி அக்காவின் காதுப் பக்கம் போனது.

நெடுநேரம் குசுகுசுத்தது.

அக்காவின் சிரிப்பு மெதுவாக மறைந்தது...

"அங்க இல்லையாம்" என்றாள். "வீட்டுக்குப் பின்னால இருக்காம். போய்த் தேடச் சொல்லுது."

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. ப்ரியா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

ஜெயராஜ் திரும்பினான்.

ப்ரியா அங்கே இல்லை.

பின்கதவின் இரும்புக் கிரில் 'கிறீச்' என்றது. அது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கும்.

ஓடினான்.

கிரில் திறந்திருந்தது. பூட்டு தரையில் கிடந்தது. சாவி ஆணியில்தான் இருந்தது.

சந்து முழுக்கத் தண்ணீர். இரைச்சல்.

ப்ரியா லோங்காங் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். வலது கை தோள் வரை தண்ணீருக்குள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பைப் பிடித்துத் தூக்கினான்.

வரவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை. எத்தனை கிலோ இருக்கும்? வரவில்லை.

கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மோட்டார் தூக்குகிற ஆள் அவன். காலை ஊன்றி, முருகா முருகா என்று கத்திக்கொண்டே இழுத்தான்.

சட்டென்று விட்டது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தார்கள்.

"ஏம்பா இழுத்தீங்க?" என்று ப்ரியா அழுதாள். "அவ குடுக்க வந்தா. நான் வாங்கணும்."

அவள் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் இருந்தது. பெரிய கையின் தடம் இல்லை. அவள் கை அளவே உள்ள கை.

வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லோரும் பதறி எழுந்தார்கள். உஷாராணி பிள்ளையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். டிவியில் சாரதா அக்கா அப்படிச் சொன்ன பிறகும் ஏன் யாரும் எழுந்து வரவில்லை என்று அவன் சத்தம் போட்டான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன சொன்னாள், அலமாரிக்கு மேல் என்று சொன்னதோடு வீடியோ முடிந்துவிட்டதே என்றாள் உஷாராணியின் தங்கை. பிள்ளை படுக்கையறைக்குத்தான் ஓடுகிறாள் என்று எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த வீடியோவை அப்போதே அழித்தான். டேப்பிலிருந்து எடுத்த பழைய பதிவு மட்டும் லேப்டாப்பில் இருந்தது. அதையும் அழிக்கப் போனான். ஆனால் கை வரவில்லை. காரணம், ப்ரியா. அவளைப் பிடித்திருப்பது யார் என்று விசாரிக்க அந்தப் பதிவு வேண்டியிருந்தது.

அவள் பின்கதவுப் பக்கமே போய் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் வரவில்லை. கேக்கைத் தொடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். யாரிடமோ மெதுவாகப் பேசினாள். என்ன பேசுகிறாய் என்று உஷாராணி கேட்டதற்கு, "மழை வரட்டும்னு சொல்றா" என்றாள்.

ஜெயராஜ் கார்த்திகேசுவுக்குப் போன் செய்தான். டேப்பில் ப்ரியா என்று ஒரு பிள்ளை வருகிறதே, அது யார் என்று கேட்டான். கார்த்திகேசு அந்தப் பெயரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு, அது தன் அக்கா மகள் பிரியதர்சினி என்றார் கார்த்திகேசு. ஏழாவது பிறந்தநாளுக்கு முந்திய வாரம் குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கால்வாயில் விழுந்து செத்துப்போனது என்றார். நேரில் வாருங்கள், அக்காவிடம் பேசுங்கள் என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அன்று மத்தியானமே போனான். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதைப் பெற்றவளிடம் கேட்க வேண்டும். படையல் போடச் சொன்னால் போடலாம். காலில் விழச் சொன்னால் விழலாம். தன் பிள்ளையை விட்டுவிட்டால் போதும். அவன் மனதில் வேறு எதுவும் இல்லை.

கார்த்திகேசுவின் அக்கா பெயர் மீனலோசனி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு, ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. வாங்கோ தம்பி என்று உட்காரச் சொன்னார். ஜெயராஜ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அலமாரி என்று அவன் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அலமாரிக்கு மேல வைக்கிறம் எண்டுதான் எழுதி அனுப்பினனாங்கள்" என்றார். "பிள்ளை அது தெரிஞ்சு முன்னமே ஏறித் தேடிப் பார்த்திட்டாள். அப்ப பரிசு வாங்கவே இல்ல. போய்த் தகப்பனைக் கேட்டிருக்கிறாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னவர், வீட்டுக்குப் பின்னால கிடக்கு, போய்த் தேடு எண்டு. மழை விட்ட நேரம்."

ஜன்னலுக்குக் கீழே ஒரு ரயில் போனது. பிறகு, கணவர் சாகும் வரை ஒரு நாளும் சிரிக்கவில்லை என்றார்.

பிள்ளை இறந்த பிறகு டிவியில் அந்த வாழ்த்து வந்தபோது எப்படித் தாங்கினீர்கள் என்று ஜெயராஜ் கேட்டுவிட்டான்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாழ்த்து வரவேயில்லை என்றார் மீனலோசனி. தொலைக்காட்சி நிலையத்துக்குத் தானே போன் செய்து, அழுதுகொண்டே, எடுத்துவிடச் சொன்னாராம். அவர்களும் எடுத்துவிட்டார்கள். எடுத்தார்களா என்று அறியத்தான் கார்த்திகேசு அன்று டேப்பில் பதிவு செய்தார். அந்த டேப்பைப் பிறகு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறாராம். ஒரு பையனுக்கு வாழ்த்து வரும். உடனே பாட்டு வரும். பிரியதர்சினி அதில் இல்லை.

ஜெயராஜ் லேப்டாப்பைத் திறந்தான். பதிவைப் போட்டான்.

பையன் வந்தான். பிறகு அந்தப் பிள்ளை வந்தாள்.

கார்த்திகேசு எழுந்து சுவரோடு சாய்ந்துகொண்டார்.

மீனலோசனி அழவில்லை. நிப்பாட்டுங்கோ என்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது நாங்கள் அனுப்பின படம் இல்ல, தம்பி."

பள்ளிக்கூட உடுப்போடு எடுத்த படத்தைத்தான் அனுப்பினார்களாம். திரையில் இருந்த பிள்ளை மஞ்சள் பட்டுச் சட்டை போட்டிருந்தது.

"இந்தச் சட்டை பிறந்தநாளுக்கெண்டு நான் தைச்சது. அவள் கண்ணால காணேல்ல. ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்து, சவப்பெட்டியில வைக்கேக்கதான் போட்டு விட்டனான்."

விரலால் திரையை மெல்லத் தொட்டார்.

"அண்டைக்கு ஆரும் படம் எடுக்கேல்ல."